அமைதிப் பள்ளத்தாக்கு: கட்டப்படாத ஓர் அணையின் வரலாறு

சுதந்திர இந்தியாவின் ஆற்று வரலாறு பெரும்பாலும் கட்டப்பட்ட அணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பக்ரா நங்கல், ஹிராகுட், நாகார்ஜுனசாகர், இடுக்கி என நீளும் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் ஒரு காலகட்டத்தின் நம்பிக்கையைச் சுமந்து நிற்கிறது. திட்டமிடப்பட்டு, ஒப்புதல் பெற்று, பணியும் தொடங்கப்பட்ட பின்னர் கட்டப்படாமலே விடப்பட்ட அணைகளுக்கு வரலாறு எழுதுவோர் குறைவு. அத்தகைய அணைகளுள் நாட்டின் சட்டங்களையும் சிந்தனையையும் மிக அதிகமாக மாற்றியது, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே எழவிருந்த அணையாகும். அது எழாமற்போன இடமே இன்று சைலண்ட் வேலி தேசியப் பூங்கா எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்கு.

இடமும் பெயரும்

நீலகிரி மலைத்தொகுதியின் தென்மேற்கு மூலையில், மண்ணார்க்காட்டுக்கு வடக்கே, நாற்புறமும் மலைச் சுவர்களால் அடைபட்ட நீள்சதுர வடிவில் இப்பள்ளத்தாக்கு கிடக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் நீலகிரி உயர்நிலம் செங்குத்தாக எழுந்து காவல் நிற்கிறது. 2,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அங்கிண்டா சிகரம் அங்கேதான் உள்ளது. தெற்கில் பாலக்காட்டுச் சமவெளியை நோக்கி நிலம் சட்டென்று சரிகிறது. வடக்கே பிறக்கும் குந்திப்புழா, பள்ளத்தாக்கின் முழு நீளத்தையும் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தூரம் கடந்து, தென்முனையில் குறுகிய பாறை இடுக்கு ஒன்றின் வழியே வெளியேறுகிறது. பின்னர் தூதப்புழாவில் கலந்து, அதன் வழியாகப் பாரதப்புழாவை அடைந்து, பொன்னானியில் அரபிக்கடலில் சேர்கிறது.

இந்த நில அமைப்பே பள்ளத்தாக்கின் வரலாறு முழுவதையும் நிர்ணயித்தது எனலாம். சுற்றிலும் உள்ள செங்குத்துச் சரிவுகள் மனிதக் குடியேற்றத்தையும் பயிர்த்தொழிலையும் தடுத்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளில் தேயிலையும் காப்பியும் ஏலமும் காட்டை விழுங்கிக்கொண்டிருந்த நூற்றாண்டில், இங்கே காடு பெரும்பாலும் அப்படியே நின்றது. ஆயினும், அகன்ற பள்ளத்தாக்கு, பெருமழை, ஆண்டு முழுவதும் வற்றாத ஆறு, அது வெளியேறும் ஒரே ஒரு குறுகிய வாயில் ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் அமைந்திருப்பது அணைப் பொறியாளருக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த நிலம். காட்டைக் காப்பாற்றிய அதே நில அமைப்புதான் அதன் அழிவுக்கும் அழைப்பு விடுத்தது.

உள்ளூர் வழக்கில் இவ்விடம் சைரந்திரி வனம். விராட மன்னனின் அரண்மனையில் அஞ்ஞாதவாசம் இருந்த காலத்தில் திரௌபதி பூண்ட பெயரே சைரந்திரி. ஆற்றுக்குப் பாண்டவரின் தாயான குந்தியின் பெயர். கீழே உள்ள பாத்திரக்கடவு என்னும் துறையையும் மக்கள் பாண்டவர் கதையோடு இணைத்தே பேசுகின்றனர். மறைந்து வாழ்ந்தோரின் கதையை மக்கள் இந்த மறைவான நிலத்தின்மீது ஏற்றி வைத்தது பொருத்தமானதே.

ஆங்கிலப் பெயர் எவ்வாறு வந்தது என்பதற்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. மழைக்காடுகளில் இடைவிடாது ஒலிக்கும் சில்வண்டுகளின் இரைச்சல் இங்கே இல்லாததைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தனர் என்பது ஒன்று. சைரந்திரி என்னும் சொல்லே ஆங்கிலேயர் நாவில் திரிந்தது என்பது மற்றொன்று. இங்கு வாழும் சிங்கவால் குரங்கின் அறிவியற்பெயரான மக்காக்கா சைலனஸ் என்பதிலிருந்து வந்தது என்பது மூன்றாவது. எது உண்மையாயினும், மூன்று விளக்கங்களும் மூன்று மெய்யான செய்திகளைச் சுட்டுகின்றன: அக்காட்டின் தனித்த இயல்பு, அதன் பழமை, அதில் வாழும் உயிர்.

காப்புக்காட்டின் காலம்

இப்பள்ளத்தாக்கைப் பற்றிய அறிவியல் பதிவுகள் 1847இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்கொண்ட பயணத்திலிருந்து தொடங்குகின்றன. ஸ்காட்லாந்தில் பிறந்து, சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றிய வைட், தென்னிந்தியத் தாவரங்களை வகைப்படுத்தி ஓவியங்களுடன் வெளியிட்டவர். அன்று மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி; ஆதலின் இக்காட்டின் நிர்வாகமும் சென்னையிலிருந்தே நடந்தது. 1914இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது.

காப்புக்காடு என்னும் சொல் இன்றைய பொருளில் பாதுகாப்பைக் குறிப்பதன்று. மக்களின் உரிமைகளை வரையறுத்து, மரத்தை அரசின் வருவாய்க்கென ஒதுக்கி வைப்பதே காலனிய வனச் சட்டங்களின் முதன்மை நோக்கம். அமைதிப் பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் 1927 முதல் 1976 வரை தேர்ந்தெடுத்து மரம் வெட்டும் பணி நடந்தது. ஆகவே, இக்காடு மனிதக் கை படாத கன்னிநிலம் என்று சொல்வது முழு உண்மையாகாது. எட்டாத தொலைவும் செங்குத்தான சரிவும் வெட்டின் அளவைக் கட்டுப்படுத்தின. பள்ளத்தாக்கின் நடுப்பகுதி பெரிதும் தப்பியது.

1928இல் சைரந்திரிக்கு அருகே ஆறு குறுகும் இடம் மின்னுற்பத்திக்கு உகந்தது என்று அடையாளம் காணப்பட்டது. அக்காலச் சூழலில் இதில் வியப்பில்லை. அதே நீலகிரியின் மறுபுறத்தில் பைக்காரா நீர்மின் திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. 1930களின் தொடக்கத்தில் அது மின்சாரம் தரத் தொடங்கியது. 1940இல் திருவிதாங்கூரில் பள்ளிவாசல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மலைமேலிருந்து விழும் நீர் ஒவ்வொன்றும் மின்சாரமாக மாறக் காத்திருப்பதாகவே அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் கண்டனர்.

அணைத் திட்டமும் அதன் நியாயமும்

1956இல் கேரள மாநிலம் உருவானபின், 1958இல் இவ்விடத்தில் ஆய்வும் அளவைப் பணியும் நடந்தன. கேரள மாநில மின்வாரியம் முன்வைத்த திட்டம் ஏறத்தாழ 130 மீட்டர் உயரமுள்ள அணையையும், தொடக்கத்தில் 120 மெகாவாட்டும் இறுதியில் 240 மெகாவாட்டும் தரும் மின்நிலையத்தையும் கொண்டது. பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலத்துக்குப் பாசனமும் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. நிதிப் பற்றாக்குறையால் பணி உடனே தொடங்கவில்லை.

இத்திட்டத்தை ஆதரித்தவர்களைப் பேராசைக்காரர்களாகச் சித்திரிப்பது எளிது. ஆனால் அது நியாயமன்று. கேரளத்தில் நிலக்கரி இல்லை. மாநிலத்தின் மின்சாரம் அனைத்தும் ஆறுகளிலிருந்தே வந்தது. மலபார் பகுதி திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளைவிடத் தொழில்வளத்திலும் மின்வசதியிலும் பின்தங்கியிருந்தது. வேலையின்மை பெருகியிருந்தது. ஆகையால் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும், தொழிற்சங்கங்களும் நாளிதழ்களுட் பலவும் திட்டத்தின் பக்கமே நின்றன. சில குரங்குகளுக்காக மக்கள் இருட்டில் இருக்க வேண்டுமா என்னும் கேள்வி மேடைகளில் எழுந்தபோது, அதைக் கேட்டவர்களில் பலர் உண்மையிலேயே இருட்டில் இருந்தவர்கள்.

திட்டத்தின் தரப்பு முன்வைத்த கணக்கும் வலுவாகவே தோன்றியது. 8,952 ஹெக்டேர் பரப்பில் மூழ்கப்போவது 830 ஹெக்டேர் மட்டுமே. அதாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சிய ஒன்பது பங்கைச் சட்டம் இயற்றிப் பாதுகாத்துவிட்டால் காடும் இருக்கும், மின்சாரமும் கிடைக்கும் என்பது வாதம்.

இக்கணக்கில் இருந்த பிழையைக் கண்டுபிடிப்பதே பின்னர் நிகழ்ந்த பெரும் விவாதத்தின் சாரம். மூழ்கவிருந்தது பள்ளத்தாக்கின் ஏதோ ஓர் ஓரமன்று. ஆற்றை ஒட்டிய அடிநிலம். அங்கேதான் மண் ஆழமானது, ஈரம் நிலையானது, மரங்கள் மிக உயரமானவை. சரிவுகளிலும் முகடுகளிலும் உள்ள புல்வெளியையும் சோலையையும் அடிநிலக் காட்டுக்கு ஈடாகக் கொள்ள இயலாது. மேலும் நீர்த்தேக்கம் பள்ளத்தாக்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் விறகுத் தேவையும் வேட்டையும், அதுவரை எட்டாதிருந்த காட்டின் நடுப்பகுதிக்கு வழி திறந்துவிடும். பத்தில் ஒரு பங்கை எடுத்தால் மீதம் ஒன்பது பங்கு என்பது கணக்கு வகுப்பில் சரி. உயிருள்ள உடலில், எந்தப் பங்கு எடுக்கப்படுகிறது என்பதே முதற்கேள்வி.

எதிர்ப்பின் தொடக்கம்

1970களின் முற்பகுதியில் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் இக்காட்டுக்குச் சென்று திரும்பி, அதற்கு நேரவிருக்கும் ஆபத்தை முதலில் சுட்டிக்காட்டியவர்களுள் ஒருவரானார். சிங்கவால் குரங்கைத் தென்தமிழகத்து மலைகளில் ஆராய்ந்த அமெரிக்க விலங்கியலாளர் ஸ்டீவன் கிரீனின் ஆய்வுகள், அவ்வினத்துக்குத் தொடர்ச்சியான மழைக்காடு எவ்வளவு இன்றியமையாதது என்பதை உலகுக்குத் தெரிவித்தன. 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டை ஒட்டி இந்தியாவில் சுற்றுச்சூழல் திட்டமிடல், ஒருங்கிணைப்புக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டிருந்தது. அக்குழு 1976இல் சபர் ஃபதேஹல்லி தலைமையில் ஒரு பணிக்குழுவை நியமித்தது.

திட்டத்தைக் கைவிடுவதே நல்லது என்று பணிக்குழு பரிந்துரைத்தது. ஆனால், கைவிட இயலாத நிலை ஏற்பட்டால் பின்பற்ற வேண்டிய 17 பாதுகாப்பு நிபந்தனைகளையும் அதே அறிக்கை பட்டியலிட்டது. மாநில அரசு முதற்பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதியைப் பற்றிக்கொண்டது. நிபந்தனைகளை ஏற்கிறோம், ஆகவே அணை கட்டலாம் என்றது. பின்னாளில் இந்தியச் சுற்றுச்சூழல் ஒப்புதல்களில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்த ஒரு போக்கின் தொடக்கம் இதுவே: மறுப்பாகத் தொடங்கும் அறிக்கை, நிபந்தனைகளின் வழியே அனுமதியாக முடிவது.

அறிக்கைகளுக்குள் அடங்கிக் கிடந்த இச்செய்தியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் கேரளத்தின் ஆசிரியர்கள். கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் மலையாளத்தில் எழுதத் தொடங்கினார். கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வி.எஸ். விஜயன் திட்டத்தின் சூழல் விளைவுகளை ஆராய்ந்தார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் இப்பிரச்சினையைக் கையில் எடுத்தது. 1979இல் பரிஷத் வெளியிட்ட ஆய்வறிக்கையை ஒரு தாவரவியலாளர் மட்டும் எழுதவில்லை. பிரசாத்துடன் பொறியாளர்களான எம்.பி. பரமேஸ்வரன், வி.கே. தாமோதரன், பொருளாதார ஆய்வாளர் கே.பி. கண்ணன், சியாமசுந்தரன் நாயர் ஆகியோர் சேர்ந்து எழுதினர்.

இக்கூட்டு உழைப்பே விவாதத்தின் திசையை மாற்றியது. குரங்கா மனிதனா என்று கேட்கப்பட்ட கேள்வியை அவர்கள் வேறுவிதமாகக் கேட்டனர். மலபாரின் மின்பற்றாக்குறைக்குக் காரணம் உற்பத்திக் குறைவா, விநியோகக் குறைவா? கேரளம் அப்போது அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது. 1976 பிப்ரவரியில் இடுக்கி மின்நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. கம்பிகளிலும் துணைநிலையங்களிலும் செய்யப்படாத முதலீட்டை இன்னோர் அணை ஈடுசெய்துவிடுமா என்பதே அவர்களின் கேள்வி. காட்டுக்காகப் பேசியவர்கள் மின்சாரத்தைப் பற்றியும் பொறுப்போடு பேசினர். அதனால்தான் அவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

எழுத்தாளர்களும் இணைந்தனர். கவிஞர் சுகதகுமாரியை முன்னணியில் கொண்ட இயற்கைப் பாதுகாப்புக் குழுவில் என்.வி. கிருஷ்ணவாரியர், ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர், வைக்கம் முகம்மது பஷீர் முதலியோர் குரல் கொடுத்தனர். சுகதகுமாரி எழுதிய ‘மரத்தினு ஸ்துதி’ என்னும் கவிதை இவ்வியக்கத்தின் அடையாளமாகவே ஆயிற்று. அன்றைய அரசியல் சூழலில் இவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையினர், ஏளனத்துக்கும் ஆளானவர்கள்.

வழக்கும் தில்லியும்

1978இல் மொரார்ஜி தேசாய் தலைமையிலான மத்திய அரசு நிபந்தனைகளுடன் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. அதே ஆண்டு அஷ்காபாத்தில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், சிங்கவால் குரங்கின் வாழிடங்களைக் காக்குமாறு இந்திய அரசை வேண்டிக்கொண்டது. 1979இல் கேரள அரசு பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, நிபந்தனைகளை நிறைவேற்றிவிட்டதாக அறிவித்தது.

அவ்வாண்டு மத்திய வேளாண்துறைச் செயலராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் நிலைமையை ஆராய்ந்தார். அமைதிப் பள்ளத்தாக்கின் 89.52 சதுர கிலோமீட்டருடன் கேரளத்தின் புதிய அமரம்பலம், அட்டப்பாடி காடுகளையும் தமிழகத்தின் குந்தா காட்டையும் சேர்த்து, 389.52 சதுர கிலோமீட்டரில் ஒரு மழைக்காட்டு உயிர்க்கோளக் காப்பகம் அமைக்கலாம் என்பது அவரது பரிந்துரை. மாநில எல்லையைக் கடந்து காட்டை ஒரே தொகுதியாகக் கண்ட இப்பார்வை, 1986 செப்டம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த 5,520 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்கு முன்னோடி எனலாம்.

1979 ஆகஸ்டில் எதிர்ப்பாளர்கள் கேரள உயர்நீதிமன்றத்தை அணுகிப் பணிக்குத் தடை பெற்றனர். 1980 ஜனவரி தொடக்கத்தில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அரசு உரிய செய்திகளைக் கருத்தில் கொண்டே முடிவெடுத்துள்ளது. அந்த முடிவின் நன்மை தீமைகளை எடைபோட்டு அரசின் இடத்தில் தன்னை இருத்திக்கொள்வது நீதிமன்றத்தின் வேலையன்று என்பதே தீர்ப்பின் சாரம். சட்டத்தின் கதவு அத்துடன் மூடியது.

அதே மாதத்தில் தில்லியில் ஆட்சி மாறியது. மீண்டும் பிரதமரான இந்திரா காந்தி, பிரச்சினை முழுமையாக ஆராயப்படும்வரை பணியை நிறுத்துமாறு மாநிலத்தை வேண்டினார். பறவையியலாளர் சலீம் அலி உள்ளிட்ட பலர் இதன்பொருட்டு அவரிடம் வலியுறுத்தியிருந்தனர். இடுக்கி மின்நிலையத்தைத் தொடங்கி வைத்த அதே பிரதமர்தான், நான்காண்டுகளுக்குப்பின் குந்திப்புழாவைத் தடுக்க வேண்டாம் என்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்குச் சட்டப் பின்புலமும் இருந்தது. 1976இல் நிறைவேறிய 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம், காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியிருந்தது. சுற்றுச்சூழலையும் காட்டையும் காப்பது அரசின் கடமை என்னும் 48அ பிரிவையும் சேர்த்திருந்தது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவ்வாண்டு இறுதியில் கேரள அரசு தேசியப் பூங்கா ஒன்றை அறிவித்தது. ஆனால் அணைக்குரிய பகுதியை மட்டும் தவிர்த்துவிட்டு அறிவித்தது. இதயத்தை விலக்கி உடலைக் காக்கும் அறிவிப்பாக அது அமைந்தது.

பின்னர் மத்திய அரசும் மாநில அரசும் இணைந்து, இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் பல்துறைக் குழுவை அமைத்தன. சூழலியலாளர் மாதவ் காட்கில் அதில் உறுப்பினர். குழுவின் அறிக்கையைப் பரிசீலித்தபின் 1983 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று, அணைக்கெனக் குறிக்கப்பட்ட நிலத்தையும் உள்ளடக்கி, தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார். 1985 செப்டம்பர் 7 அன்று ராஜீவ் காந்தி பூங்காவை முறைப்படித் தொடங்கி வைத்தார்.

குரங்கும் காடும்

விவாதத்தின் முகமாக அமைந்த சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. கறுத்த உடல், முகத்தைச் சூழ்ந்த நரைத்த பிடரிமயிர், நுனியில் குஞ்சம் வைத்த வால் ஆகியவற்றால் அதை எளிதில் அறியலாம். அடர்ந்த காட்டில் அது பெரும்பாலும் மரமுடிகளிலேயே வாழ்கிறது. அதன் முக்கிய உணவுகளுள் ஒன்று வெடிப்பலா மரத்தின் பூவும் காயும். பிற கனிகள் அருகும் பருவத்தில் இம்மரம் தரும் பூக்களே குரங்குகளையும் அணில்களையும் வௌவால்களையும் தாங்குகின்றன. ஆகவே குரங்கைக் காப்பது என்பது வெடிப்பலாவைக் காப்பது. வெடிப்பலாவைக் காப்பது என்பது அது வளரும் உயர்ந்த பசுமைமாறாக் காட்டைக் காப்பது. ஒரு விலங்கின் பெயரால் பேசப்பட்டது உண்மையில் ஒரு முழுக் காடு.

காடு துண்டாடப்பட்டால் என்ன நேரும் என்பதை அறியத் தமிழகத்தின் வால்பாறையே போதும். அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய புதுத்தோட்டம் போன்ற சிறு காட்டுத் துண்டுகளில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மரத்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கின்றன; வீட்டுக் கூரைகளிலும் குப்பைத்தொட்டிகளிலும் உணவு தேடுகின்றன; வாகனங்களில் அடிபடுகின்றன. அவை பாதுகாப்பாகக் கடப்பதற்கென்றே சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்ட வேண்டியிருந்தது. அமைதிப் பள்ளத்தாக்கில் அத்தகைய பாலங்களுக்குத் தேவையில்லை, கிளைகளே பாலங்கள்.

அணை விவாதத்தின் பயனாகவே இக்காடு முறையாக ஆராயப்பட்டது என்பதும் நினைவுகூரத்தக்கது. கோழிக்கோடு பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.எஸ். மணிலால் குழுவினர் மேற்கொண்ட தாவர ஆய்வு தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களைப் பதிவு செய்து 1988இல் நூலாக வெளிவந்தது. இங்கே கண்டறியப்பட்ட புல் ஒன்றைத் தாவரவியலாளர்கள் புதிய பேரினமாகக் கருதி, அதற்குப் பள்ளத்தாக்கின் பெயரையே இட்டு, சைலண்ட்வேலியா என அழைத்தனர். காட்டு மிளகும் காட்டு ஏலமும் இக்காட்டில் தாமாக வளர்கின்றன. பயிராகும் மிளகுக்கும் ஏலத்துக்கும் நோய் வரும் காலத்தில் உழவர்கள் நாடவேண்டிய மூல விதைகள் இத்தகைய காடுகளில்தான் உள்ளன. இருவாட்சி, கருமந்தி, மலையணில், புலி, யானை என நீளும் விலங்குப் பட்டியலைவிட, மண்ணோடும் மழையோடும் கலந்த இந்த மரபுச் செல்வம் மதிப்பிடற்கரியது.

ஆற்றின் மதிப்பும் அவ்வாறே. பாரதப்புழாவின் கிளையாறுகள் பலவற்றில் மலம்புழா, ஆழியாறு முதலிய அணைகள் எழுந்துள்ளன. கோடையில் பாரதப்புழா நெடுந்தொலைவு மணல்வெளியாகவே கிடக்கிறது. அணையில்லாத குந்திப்புழா, காட்டின் இலைச்சருகும் வேரும் மண்ணும் சேமித்து வைத்த மழைநீரைக் கோடையிலும் கசியவிட்டு, தெளிந்து ஓடுகிறது. பள்ளத்தாக்கே ஒரு நீர்த்தேக்கம்தான். அதற்குச் சுவர் தேவைப்படவில்லை.

அண்டை நிலத்தின் பாடம்

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பது உண்மைக்கு நேர்மையாகாது. பள்ளத்தாக்கின் கிழக்கே, ஒரு மலைமுகட்டுக்கு அப்பால், பவானி ஆறு பாயும் அட்டப்பாடி உள்ளது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களின் நிலம் அது. அமைதிப் பள்ளத்தாக்கு தப்பிய அதே பத்தாண்டுகளில் அட்டப்பாடி தன் காட்டின் பெரும்பகுதியை இழந்தது. வெளியிலிருந்து வந்த குடியேற்றங்களால் பழங்குடியினர் தம் நிலத்தையும், தம் சொந்த மண்ணில் தமக்கிருந்த பெரும்பான்மையையும் இழந்தனர். கிழக்குச் சரிவுகள் வறண்டன. பின்னர் 1990களின் பிற்பகுதியில் ஜப்பானியக் கடனுதவியுடன் அரசே சூழல் மீட்புத் திட்டம் ஒன்றை அங்கே தொடங்க வேண்டியதாயிற்று.

ஆள் நடமாட்டமற்ற காட்டுக்காக நாடு முழுவதும் எழுந்த குரல், ஆட்கள் வாழ்ந்த அண்டைக் காட்டுக்காக அதே வலிமையோடு எழவில்லை. ஒரு காட்டை வேலியிட்டுக் காத்துவிட்டு, அதன் விளிம்பில் வாழ்வோரைக் கைவிட்டால், வேலி நெடுநாள் நிற்காது. 2007இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் இடைக்காப்பு மண்டலம் அறிவிக்கப்பட்டபோது, அதில் அட்டப்பாடியின் காடுகளும் சேர்க்கப்பட்டன. இன்று முக்காலியிலிருந்து சைரந்திரிவரை பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளிலும் காவலர்களிலும் பழங்குடியினர் பலர் உள்ளனர். தாமதமாக வந்த திருத்தமே ஆயினும் அது சரியான திசையில் வந்த திருத்தம்.

முடியாத விவாதம்

1984இல் விவாதம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது, முடியவில்லை. 2001இல், பழைய அணையிடத்துக்குச் சில கிலோமீட்டர் கீழே, பூங்காவின் எல்லைக்கு வெளியே, பாத்திரக்கடவில் 70 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. பூங்காவின் ஓர் அங்குலமும் மூழ்காது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். பழைய வாதம் புதிய கணக்கோடு திரும்பி வந்தது. 2007இன் இடைக்காப்பு மண்டலம் அம்முயற்சிக்கு இப்போதைக்குத் தடையாக நிற்கிறது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது அமைதிப் பள்ளத்தாக்கும் அதில் இடம்பெற்றது. ஆயினும், மின்தேவை பெருகும்போதெல்லாம் குறுகிய அந்தப் பாறை வாயில் யாரேனும் ஒரு பொறியாளரின் வரைபடத்தில் மீண்டும் தோன்றக்கூடும்.

அமைதிப் பள்ளத்தாக்கு நாட்டுக்குத் தந்தது ஒரு பூங்கா மட்டுமன்று. பெருந்திட்டங்களைச் சூழல் நோக்கில் ஆராய்ந்த பின்னரே அனுமதிக்க வேண்டும் என்னும் எண்ணம் இந்தியாவில் வேரூன்றியதில் இவ்விவாதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1994இல் அது சட்டபூர்வ அறிவிக்கையாக வடிவம் பெற்றது. கல்லூரி ஆசிரியர்களும் பொறியாளர்களும் கவிஞர்களும் சேர்ந்து, மக்களின் மொழியில் எழுதி, அரசின் கணக்கை அரசைவிடக் கவனமாகச் சரிபார்த்தால், ஒப்புதல் பெற்ற திட்டத்தையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்த முடியும் என்பது அதன் மற்றொரு கொடை.

கேரளம் அந்த 240 மெகாவாட் இல்லாமலேயே வளர்ந்தது. மலபாரின் ஊர்களுக்கு மின்சாரம் வேறு வழிகளில் வந்து சேர்ந்தது. அணை கட்டப்பட்டிருந்தால் இன்று அதன் இயந்திரங்கள் முதுமை எய்தியிருக்கும். நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்ந்திருக்கும். மின்சாரத்துக்கு மாற்று வழிகள் இருந்தன, இருக்கின்றன. ஆற்றங்கரையின் அந்த 830 ஹெக்டேர் காட்டுக்கு மாற்று இருந்ததில்லை. ஒரு நிலத்தை வளர்க்காமல் விடுவதும் ஒரு தலைமுறை ஆராய்ந்து எடுக்கக்கூடிய வளர்ச்சி முடிவே என்பதற்கு, சைரந்திரிக்குக் கீழே தடையின்றி ஓடும் குந்திப்புழா இன்றும் சான்றாக நிற்கிறது.